இருபத்தெட்டு முறை அடித்த மணி

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் ஆண்டு ஐப்பசியில் திண்டிவனத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். தானம் கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவனின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. பிடித்ததை அவர்கள் விடவே இல்லை.

வாங்கப் போனவர் பெயர் அமலதாஸ். கூட்டேரிப்பட்டுக்காரர், வயது ஐம்பத்தாறு. திண்டிவனத்தில் ராஜாமணியின் மல்லாட்டை (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) மண்டியில் தொண்ணூற்று மூன்றிலிருந்து பதம் பார்க்கிறவர். விவசாயி மூட்டையை இறக்கியதும் அதற்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு காயை எடுப்பார். உடைத்து, பருப்பை முன்பல்லுக்கு நடுவில் வைத்து மெல்லக் கடிப்பார். கண் பாதி மூடும். கடித்ததை உள்ளங்கையில் துப்பி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு தீர்ப்பு. "தங்கம்" என்றால் மூட்டை நேரே தராசுக்குப் போகும். "இன்னும் காயல, ரெண்டு வெயில் போடணும்" என்றால் களத்துக்குப் போகும். "வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். மண்டியில் இந்த மூன்றைத் தவிர அவர் நான்காவதாக ஒன்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

ராஜாமணி ஒரு தடவை ஈரம் பார்க்கிற மெஷின் வாங்கி வைத்தார். விவசாயிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அது இதுவரைக்கும் ஒரு மல்லாட்டையாவது தின்றிருக்கிறதா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மெஷின் மேல் மண்டிப் பூனை தூங்குகிறது. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே மனிதனின் பேச்சுக்குக் கட்டுப்படுவது இந்த உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கிறது? ராஜாமணி மண்டியில் நடந்தது. அதற்குக் காரணம் அமலதாஸின் வாயில் இருந்த பற்கள். வேப்பங்குச்சியைத் தவிர வேறெதையும் காணாதவை. அவற்றில் இருபத்தெட்டு கருங்கல். கீழே வலது கடைசியில் முளைத்திருந்த ஞானப்பல் ஒன்று மட்டும் சொத்தை. அது ஒன்பது நாளாக அவரைத் தூங்கவிடவில்லை.

பத்தாம் நாள் அமுதமுறுவல் பன்னாட்டுப் பல் மாளிகையின் இலவச முகாம் மண்டி வாசலுக்கே வந்தது. அமுதமுறுவலை அறியாதவர் அந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. விழுப்புரம் பைபாஸில் ஐந்து மாடி, முழுக்கக் கண்ணாடி. சாலை நெடுகச் சேர்மன் டாக்டர் குணபூஷணத்தின் படம். வெள்ளைக் கோட்டில் சிரித்தபடி சுட்டுவிரலை உயர்த்தியிருப்பார். கீழே, "எங்கள் பல்லுக்கு என் விரல் உத்தரவாதம்!"

கலைப்பிரியா என்ற பெண் அமலதாஸின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அவளுக்குப் பதவி, முறுவல் ஆலோசகர். அவர் கடைசிப் பல்லைக் காட்டினார். அவள் அதைப் பார்க்காமல் மற்றவற்றை எண்ணினாள். ஒரு பல்லுக்கு எங்களிடம் திட்டம் கிடையாது, மேல் தாடை முழுசு, கீழ் தாடை முழுசு, அல்லது இரண்டும் முழுசு என்றாள். சித்திரையில் திண்டிவனத்தில் கிளை திறக்கிறோம், ஊரெல்லாம் தெரிந்த ஒரு வாய் எங்களுக்கு வேண்டும், அதற்கு எல்லாம் இலவசம், பதவி கூட உண்டு, முறுவல் தூதர் என்றாள்.

அமலதாஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் பல்லால பொழைக்கிறவன்மா. புதுப் பல்லுல பதம் தெரியுமா?"

கலைப்பிரியா கையிலிருந்த காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். பதம் என்று அதில் எதுவும் இல்லை. "எல்லாம் தெரியும் அங்கிள்," என்றாள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஒன்பது நாள் தூங்காதவனிடம், உன் வீட்டை நாங்களே இலவசமாகக் கொளுத்தித் தருகிறோம் என்று ஒரு படித்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னால் அவனும் தீப்பெட்டியை எடுத்துக் கொடுப்பான். அமலதாஸ் நாற்பத்திரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

விழுப்புரத்தில் முதலில் அவருக்கு ஒரு மாலை போட்டார்கள். பழைய பற்களுக்குப் பிரியாவிடை என்று சொல்லி, வாயைத் திறக்கவைத்து எல்லாத் திசையிலிருந்தும் போட்டோ எடுத்தார்கள். மாளிகையின் விதிகளை ஒருவர் படித்தார். நோயாளியின் வாயிலிருந்து எது வெளியே வந்தாலும் உடனே மணி அடிக்கப்படும். மணி கேட்டதும் கீழே கூடத்தில் காத்திருப்போர் எழுந்து கைதட்ட வேண்டும். அடிப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். பெயர் ஜெயம். அவளுக்கு வேறு வேலை கிடையாது.

பல் வைத்தியம் என்றால் ஏதோ ஊசி முனையில் செய்கிற நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாலுவழிச் சாலை போட்டபோது புளியமரங்களை எப்படிப் பிடுங்கினார்களோ அப்படித்தான் பிடுங்கினார்கள். மொத்தம் பதினெட்டு ஊசி. பதினேழு அமலதாஸுக்கு இறங்கியது. பதினெட்டாவது யாருக்கு இறங்கியது என்று தெரியவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் அன்று முழுக்க வாய் கோணித் திரிந்தார். முதல் பல் நான்கு நிமிடம் எதிர்த்து நின்றது. ஆறாவது பல்லுக்கு ஜெஸ்வின் என்ற இளம் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேலேறி, முழங்காலை அமலதாஸின் நெஞ்சில் ஊன்றி இழுத்தார். ஒன்பதாவது பல் விடுபட்ட வேகத்தில் டாக்டர் பின்னால் போய்ச் சுவரில் மோதினார். இடுக்கி கூரை விளக்கை உடைத்தது. கண்ணாடித்தூள் அமலதாஸின் வாயில் விழுந்தது. அதைத் துப்பியபோதும் ஜெயம் மணி அடித்துவிட்டாள். அது கணக்கில் சேராது என்று அவளைக் கண்டித்தார்கள்.

பதினொன்றாவது பல் பாதியில் முறிந்தது. பாதிப் பல்லுக்கு மணி உண்டா என்று சந்தேகம் வந்து, இடுக்கியை வாயிலேயே விட்டுவிட்டு மேல் மாடிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். மெதுவாக அடிக்கலாம் என்று உத்தரவு வந்தது.

கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்த ஞானமேரிக்கு இந்த விதியெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவள் அமலதாஸின் மனைவி. அவர்கள் ஊரில் ஒருவர் செத்தால்தான் மாதா கோயிலில் அப்படி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக மணி அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அந்த மெதுவான மணி கேட்டதும் எழுந்து போய்க் கலைப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே உங்கள் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம் நடக்கிறது ஆண்ட்டி என்று அவள் ஒரு சாக்லேட் கொடுத்தாள். இருபத்தெட்டு அடித்து ஓய்ந்தபோது ஞானமேரி தரையில் முழந்தாளிட்டிருந்தாள். கையில் சாக்லேட் உருகியிருந்தது.

அத்தோடு முடியவில்லை. தாடையெலும்பில் மேலே நாலு, கீழே நாலு என்று எட்டு இடத்தில் துளை போட்டுத் திருகாணி இறக்க வேண்டும். அதன்மேல்தான் புதுப் பல்வரிசை நிற்கும். அனந்தபுரம் பக்கம் போர் போடுகிற வண்டி என்ன சத்தம் போடுமோ அதே சத்தம் அமலதாஸின் மண்டைக்குள் கேட்டது. கோட்டில் ரத்தம், கண்ணாடியில் ரத்தம், சுவரில் மாட்டியிருந்த சேர்மன் படத்தின் விரலிலும் ரத்தம். மூன்றாவது துளையில் எலும்பு கிடைக்கவில்லை என்று இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டார்கள். ஐந்தாவதில் திருகாணி இறங்காமல் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்கள்.

எல்லாம் முடிந்து துணியை வாயில் அடைத்த பிறகு சேர்மன் வந்தார். போட்டோக்காரரும் வந்தார். ஒரு வாளி ரத்தத் துணிக்குப் பக்கத்தில் நின்று சேர்மன் பேசினார்.

"மிஸ்டர் அமலதாஸ், இயற்கை பல் வெச்சதுல ஒரு பிளானே கிடையாது. முப்பத்திரண்டு வேர், முப்பத்திரண்டு தலைவலி. அதையே நான் எட்டு ஸ்க்ரூல முடிக்கறேன். யாரு கெட்டிக்காரன், சொல்லுங்க. பேஷண்ட் எல்லாம் வலிக்குது வலிக்குதுங்கறாங்க. வலிக்கறது பல்லு. நல்ல பல்லா இருக்கறப்பவே எடுத்துட்டா, அது எப்ப கெட்டுப்போறது, எப்ப வலிக்கறது? நோய் வந்த அப்புறம் வைத்தியம் பாக்கறது பழைய காலம். நாங்க நோய் வர்ற இடத்தையே விட்டு வைக்கறதில்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அமலதாஸ் துணி அடைத்த வாயோடு கடைசிப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அங்கே ஞானப்பல் அப்படியே இருந்தது. முன்னைவிட அதிகமாக வலித்தது. ஜெஸ்வின் எட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். திட்டம் என்பது மேலே பதினாலு, கீழே பதினாலு. ஞானப்பல் அதில் சேராது. அது திண்டிவனம் கிளையின் பொறுப்பு. கிளை இன்னும் திறக்கவில்லை. திறந்து வைக்கப் போகிறவரே நீங்கள்தானே!

தைமாதம் வரை கேப்பைக்கூழ் குடித்தார். பிறகு புதுப் பல்வரிசையைப் பூட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பணக்காரன் இவர் முகத்துக்குள் புகுந்துகொண்டு சிரிப்பதுபோல் இருந்தது. மாசியில் மண்டிக்குப் போனார். முதல் வண்டி அனந்தபுரத்துச் சீனுவாசனுடையது. இருபது வருஷமாக இவர் பல்லை நம்பி வருகிறவர். அமலதாஸ் மூட்டையில் கையை விட்டார், உடைத்தார், பருப்பை முன்பல்லில் வைத்தார், கண்ணைப் பாதி மூடிக் கடித்தார்.

ஒன்றுமே தெரியவில்லை. செங்கல்லோடு செங்கல் மோதியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொன்று கடித்தார். இன்னொன்று. பருப்பு எப்போது பல்லில் பட்டது, எப்போது உடைந்தது என்றே பிடிபடவில்லை. சொந்தப் பல்லுக்கு வேரில் ஓர் உணர்வு உண்டு, மயிர் ஒன்று பட்டாலும் சொல்லிவிடும். திருகாணிக்கு அது ஏது? வாய் முழுக்க உணர்ச்சி என்று மிஞ்சியிருந்தது அந்தச் சொத்தைப் பல் வலி ஒன்றுதான். மண்டியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம் வந்துவிட்டது. "தங்கம்," என்றார்.

அது தங்கமில்லை, தண்ணீர். பத்தே நாளில் குடோனில் நாற்பது மூட்டை சூடேறிப் பூசணம் பிடித்தது. அந்த ஆத்திரத்தில், எலும்பாகக் காய்ந்த சரக்கை வேறொருவர் கொண்டுவந்தபோது "வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்றார். அந்த மனிதர் எடுத்துப் போகவில்லை, கையிலிருந்த, மாடு விரட்டும் தார்க்குச்சியை ஓங்கினார். அவர் பக்கம் பத்துப் பேர், மண்டிப் பக்கம் பத்துப் பேர். மூட்டை தூக்குகிற கொக்கியால் மூட்டையைக் கிழித்தார்கள், பிறகு தோளையும் கிழித்தார்கள். தராசுத் தட்டு ஒருவன் மண்டையில் விழுந்தது. இருபது வருஷம் ஒரு கைகலப்பு நடக்காத களத்தில் மல்லாட்டையும் ரத்தமும் கலந்து கிடந்தன. மூட்டை தூக்கும் மாரியப்பன், எல்லாம் இந்த வெள்ளைப் பல்லால் வந்தது என்று அமலதாஸின் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்தது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியப்பனுக்கு இரண்டு விரல் எலும்பு முறிந்தது.

அடுத்த வாரமே மாரியப்பனின் மாவுக்கட்டுப் போட்ட கையைப் போட்டோ எடுத்து அமுதமுறுவலின் கூடத்தில் மாட்டினார்கள். தலைப்பு, "உறுதிக்குச் சாட்சி".

ராஜாமணி நல்லவர், திட்டவில்லை. "சித்திரை வரைக்கும் பாக்கறேன் தாசு. சரியாவலைன்னா, பூனையை எழுப்பிட்டு மெஷினைத் தொடைக்க வேண்டியதுதான்," என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம். அன்று அமலதாஸ் வீட்டுக்கு வந்து ஒரு படி மல்லாட்டையை மடியில் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடித்தார். கடித்துக் கடித்துத் துப்பினார். உதட்டுத் தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. ஞானமேரி மடியில் மிஞ்சியதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னுவாங்க. உங்களுக்குப் பல்லு வந்து சொல்லு போச்சேங்க," என்றாள்.

மறுநாள் விழுப்புரம் போனார்கள். மாளிகையில் புகார் எழுத அழகான அச்சடித்த தாள் இருந்தது. புகார்கள் ஏற்கனவே அதில் எழுதப்பட்டிருந்தன. பல் அதிக வெண்மை, அதிக அழகு, அக்கம்பக்கத்தார் பொறாமை. நோயாளி ஒன்றில் குறி வைத்தால் போதும். பதம் தெரியவில்லை என்பதற்கு இடம் இல்லை. அமலதாஸ் நகரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். காவலாளிகள் காலைப் பிடித்து இழுத்ததில் வேட்டி கிழிந்தது. தூதர் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டு, பதம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார்கள்.

குழுவில் மூன்று டாக்டர்கள். ஆளுக்கு ஒரு கிலோ மல்லாட்டை தருவித்து ஒரு வாரம் ஆராய்ந்தார்கள். மூவரும் தத்தம் சொந்தப் பல்லால் கடித்துப் பார்த்தார்கள். மூவருக்கும் பதம் தெரியவில்லை. எனவே பதம் என்று ஒன்று பல்லில் கிடையாது, இல்லாத ஒன்றை நோயாளி இழந்திருக்க முடியாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஒரு டாக்டருக்கு மட்டும் வயிற்றுப்போக்கு.

சித்திரை பிறந்தது. திண்டிவனம் கிளைக்குப் பந்தல் போட்டார்கள். முன்வரிசையில் ராஜாமணி, சீனுவாசன், கட்டுப் போட்ட கையோடு மாரியப்பன். ஞானமேரி ஓரமாக நின்றாள். மேடையில் ஜெயம் மணியோடு நின்றாள். அமலதாஸுக்குத் தங்கச் சரிகை போட்ட பட்டையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். இன்று கிளை திறந்தால் ஞானப்பல் போகும், நாளை மண்டிக்குப் போனால் பூனை எழுந்திருக்கும். இதுதான் அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

சேர்மன் முதலில் கரும்பைக் கொடுத்தார். அமலதாஸ் கணுவோடு கடித்து நொறுக்கினார். உரிக்காத தேங்காயைக் கொடுத்தார். நாரைக் கடித்துப் பிய்த்து எறிந்தார். சோடா மூடியைக் கொடுத்தார். திறந்தார். கூட்டம் விசில் அடித்தது. தூதர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று சேர்மன் மைக்கை நீட்டினார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

"எல்லாம் கடிபடுதுங்க. ஆனா ஒண்ணும் தெரியலீங்க," என்றார் அமலதாஸ். "கரும்பும் தேங்கா நாரும் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. இருவது வருசமா இந்த வாய நம்பி வந்த ஜனங்கள ஏமாத்திப்புட்டேன். சீனுவாசன் அங்க உக்காந்துக்கினு இருக்காரு. அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல. எம் பல்ல குடுத்துடுங்க, நான் போறேன்."

சீனுவாசன் தலையைக் குனிந்துகொண்டார். சேர்மன் மட்டும் பெரிதாகச் சிரித்தார். இது பல்லின் குறை இல்லை, மனசின் குறை, இப்போதே உங்கள் முன்னால் நிரூபிக்கிறேன் என்று கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சாலை நெடுகப் படத்தில் நிற்கிற அதே சுட்டுவிரலை அமலதாஸின் முன்பற்களுக்கு நடுவே வைத்தார். இது இரண்டாவது தப்பு. மூன்றாவதற்கு இடமில்லாமல் போயிற்று.

"கடிங்க மிஸ்டர் அமலதாஸ். பயப்படாதீங்க. எலும்பு தட்டுச்சுன்னா கையைத் தூக்குங்க. இந்த விரல்தான் உங்களுக்கு உத்தரவாதம்."

ஆத்திரத்தில் கடித்தார் என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. அந்த முகத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அமலதாஸ் இருபது வருஷம் எப்படிக் கடித்தாரோ அப்படித்தான் கடித்தார். கண் பாதி மூடியது. மெல்ல அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சேர்மனின் சிரிப்பு அப்படியே நின்றது. தெரிகிறதா என்று கேட்க வாயைத் திறந்தார், வேறு சத்தம் வந்தது. தெரியவில்லை என்று அமலதாஸ் தலையை ஆட்டினார். தலையோடு விரலும் ஆடியது. நேர்மையான மனிதர், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு தடவை பட்டது போதாதா? எலும்பைத் தேடி இன்னும் அழுத்தினார். சேர்மன் மண்டியிட்டார், மேடைப் பலகையைக் காலால் உதைத்தார், இன்னொரு கையால் தூதரின் மூக்கில் குத்தினார். இரண்டு டாக்டர்கள் அமலதாஸின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், ஜெஸ்வின் பழைய பழக்கத்தில் முழங்காலை நெஞ்சில் ஊன்றினார். எட்டுத் திருகாணியில் ஒன்றும் அசையவில்லை. நம் தலைவர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார் என்று மைக்கில் ஒருவர் அறிவித்தார். அமுதமுறுவல் ஊழியர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து இழுத்ததில் சேர்மன் ஒரு பக்கமும் அமலதாஸ் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். நோயாளியின் வாயிலிருந்து எது வெளியே வந்தாலும் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. அமலதாஸ் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினார். ஜெயம் ஒரு முறை அடித்தாள்.

அவர் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தார். பல்லுக்கு ஒன்றும் எட்டவில்லை, ஆனால் நாக்கு அவருடையதுதானே. வழக்கம்போல் விவசாயிகள் பக்கம் திரும்பி, மைக் பக்கத்தில் கிடப்பது தெரியாமல், மண்டிக் குரலில் தீர்ப்பைச் சொன்னார்.

"இன்னும் காயல. ரெண்டு வெயில் போடணும்."